பையில் ஒரு கோபுரமா? பயண ரூட்டர் பற்றி ஒரு மதிப்பீடு

"சார், இதை வாங்கலாமா?"

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் பாதையில் சிலமலை என்ற ஊர் உள்ளது. அவ்வூரிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு விளம்பரத் தாளை நீட்டிக் கேட்ட கேள்வி இது. அவருடைய பெற்றோர் மலைமேல் ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். விடுமுறை நாட்களில் அவரும் தோட்டத்து லயத்தில் போய்த் தங்குவார். போட்டித் தேர்வுக்கான பாடங்களை இணையத்தில் கேட்க வேண்டும். "அங்கே டவர் கிடைக்காது சார். இந்தக் கருவியைப் பையில் வைத்துக்கொண்டால் எங்கே போனாலும் நெட் கிடைக்கும் என்கிறார்கள்" என்றார் அவர். விலை ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய். ஏலக்காய் பறித்துக் கூலி பெறும் குடும்பத்துக்கு அது சிறிய தொகையன்று.

உடனே விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நண்பர் ஒருவரிடமிருந்து அத்தகைய கருவி ஒன்றை இரவல் பெற்று, ஒரு சனிக்கிழமை மாணவருடன் மலையேறினேன். புதிய நூல்களுக்கு மதிப்புரை எழுதுவது இதழ்களின் வழக்கம். புதிய கருவிகளுக்கும் அவ்வாறு எழுதினால் என்ன? கருவி வந்த அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள வாசகங்களையே நூலாகக் கொண்டு, அவற்றை இயற்பியலின் துணையோடு படித்துப் பார்ப்போம். எந்த நிறுவனம் தயாரித்தது என்பது இங்கு முக்கியமன்று. இவ்வகைக் கருவிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வாசகங்களைத்தான் தாங்கி வருகின்றன.

கருவி என்ன செய்கிறது?

உள்ளங்கையில் அடங்கும் இக்கருவிக்குள் இரண்டு வானொலிப் பெட்டிகள் உள்ளன எனலாம். ஒன்று, சிம் அட்டையின் உதவியால் செல்பேசிக் கோபுரத்துடன் பேசுகிறது. மற்றொன்று, வைஃபை என்னும் குறுந்தொலைவு அலைகளால் நம் செல்பேசி, கணினி முதலியவற்றுடன் பேசுகிறது. முதலாவது பெற்றதை இரண்டாவதற்கும், இரண்டாவது பெற்றதை முதலாவதற்கும் மாற்றிக் கொடுக்கும் ஒரு சிறு கணினி நடுவில் இருக்கிறது. இவற்றை இயக்க ஒரு மின்கலம். அவ்வளவுதான்.

2009இல் அமெரிக்காவின் நோவாடெல் ஒயர்லெஸ் நிறுவனம் 'மைஃபை' என்ற பெயரில் இத்தகைய கருவியை வெளியிட்டது. நம் நாட்டில் 2016இல் ரிலையன்ஸ் ஜியோ நிறுவனத்தின் 'ஜியோஃபை' வந்தபின் சிற்றூர்களிலும் இது அறிமுகமாயிற்று. கம்பியின்றிக் கணினிகளை இணைக்கும் எண்ணம் இவற்றுக்கெல்லாம் முந்தியது. கடலும் மலையும் பிரித்து நிற்கும் ஹவாய்த் தீவுகளில் உள்ள கணினி முனையங்களை வானொலி அலைகளால் பல்கலைக்கழகக் கணினியோடு இணைத்த 'அலோஹாநெட்' 1971இலேயே இயங்கத் தொடங்கியது.

இதில் வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இக்கருவி இணையத்தை உண்டாக்குவதில்லை. கோபுரத்திலிருந்து வருவதை வாங்கிப் பங்கிடுகிறது. கிணற்றில் நீர் இருந்தால்தான் வாளியில் நீர் வரும். வாளி எவ்வளவு புதியதாயினும் வறண்ட கிணற்றில் அதற்கு வேலையில்லை.

முதல் வாசகம்: "எங்கும் இணையம்"

சிலமலையில் கருவி குறையின்றி வேலை செய்தது. சமவெளி, அருகருகே ஊர்கள், கண்ணுக்குத் தெரியும் கோபுரங்கள். போடியிலும் அவ்வாறே. மலையடிவாரத்தில் உள்ள முந்தலைக் கடந்து பாதை ஏறத் தொடங்கியதும் கதை மாறியது. போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் சமவெளி முழுவதும் கண்முன் விரியும். அங்கே சைகை நன்றாக வரும். அடுத்த வளைவில் பாறைச் சுவர் நமக்கும் சமவெளிக்கும் நடுவே வந்துவிடும். அங்கே கருவியின் விளக்கு நிறம் மாறும். மீண்டும் ஒரு வளைவு, மீண்டும் வெளிச்சம். என் செல்பேசியிலும் அதே நிறுவனத்தின் சிம் அட்டைதான் இருந்தது. கருவி இழந்த இடங்களில் அதுவும் இழந்தது. கருவி பெற்ற இடங்களில் அதுவும் பெற்றது. பையில் இருந்த கருவியால் கூடுதலாக ஒரு வளைவுகூடக் கிடைக்கவில்லை.

ஏன் இவ்வாறு? செல்பேசி அலைகளின் அலைநீளம் குறைவு. 2300 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு அலைநீளம் சுமார் 13 சென்டிமீட்டர்; 850 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 35 சென்டிமீட்டர். அலை ஒன்று தடையின் விளிம்பில் வளைந்து அப்பால் செல்வதை விளிம்பு விளைவு என்று பாடநூல்களில் படித்திருக்கிறோம். அலைநீளம் மிகுந்தால் இவ்விளைவும் மிகும். குட்டையான அலைகள் ஏறக்குறைய ஒளியைப் போல நேர்கோட்டில் சென்று, மலைக்குப் பின்னால் நிழலை உண்டாக்கிவிடும்.

நாங்கள் சென்ற ஊர்தியில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. கொடைக்கானல் பண்பலை, 100.5 மெகாஹெர்ட்ஸ். செல்பேசி ஊமையான வளைவுகள் பலவற்றில் பாட்டு நிற்கவில்லை. மாணவர் வியப்புடன் என்னைப் பார்த்தார். கணக்குப் போட்டுக் காட்டினேன். பண்பலையின் அலைநீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அலைபரப்பி 5 கிலோமீட்டர் அப்பாலும், நாம் 1 கிலோமீட்டர் இப்பாலும் இருக்க, நடுவில் ஒரு கூரிய மலைமுகடு நேர்கோட்டுக்கு மேல் 50 மீட்டர் உயர்ந்து நிற்பதாகக் கொள்வோம். பண்பலை அலையின் ஆற்றல் முகட்டைத் தாண்டும்போது ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்காகக் குறையும். அதே இடத்தில் 850 மெகாஹெர்ட்ஸ் அலை முந்நூறில் ஒரு பங்குக்கும் கீழே போகும். 2300 மெகாஹெர்ட்ஸ் அலையோ ஏறத்தாழத் தொள்ளாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். இவை போகத் தொலைவினால் வரும் குறைவு தனி. தடையில்லாத வெளியிலும் தொலைவு இரு மடங்கானால் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகும்.

பண்பலைக்கு வேறு வசதிகளும் உண்டு. உயர்ந்த மலைமேல் வலிமையான ஒலிபரப்பி நிற்கிறது. கேட்பது மட்டுமே நம் வேலை. திருப்பிப் பேச வேண்டியதில்லை. பாட்டை ஏந்திவர மிகக் குறுகிய பட்டை அகலமே போதும். ஆகவே இரண்டையும் ஒரே தராசில் வைப்பது முறையாகாது. எனினும் மலை எந்த அலையை எவ்வாறு நடத்துகிறது என்பதை இந்த ஒப்பீடு காட்டிவிடுகிறது.

தோட்டத்துக்குள் நுழைந்தபின் இன்னொரு தடை எதிர்ப்பட்டது. ஏலச்செடி நிழலை நாடும் பயிர். உயர்ந்த மரங்களின் கீழேதான் அது வளர்கிறது. இலைகளில் உள்ள நீர் இந்த அலைகளை உட்கொள்ளும். இலையும் கிளையும் அவற்றைச் சிதறடிக்கும். ஏலத்துக்கு நன்மை செய்யும் அடர்ந்த நிழல் அலைக்குப் பகையாகிறது. "எங்கும் இணையம்" என்ற வாசகத்தைக் "கோபுரம் எட்டும் எங்கும் இணையம்" என்று திருத்தி அச்சிட்டால் அது உண்மையாகும்.

இரண்டாம் வாசகம்: "நொடிக்கு 150 மெகாபிட்"

இது பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று. நான்காம் தலைமுறைக் கருவிகளில் பெரும்பாலானவை சேர்ந்துள்ள வகைக்குத் தரநூல் வகுத்த உச்ச வரம்புதான் 150 மெகாபிட். 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டையும், இரண்டு ஆண்டெனாக்களின் வழியே இரண்டு தனி ஓடைகளும், இரைச்சலே இல்லாத அளவுக்குத் தூய சைகையும் இருந்தால்தான் அவ்வரம்பை எட்டலாம். நிறுவனம் அந்த இடத்தில் 10 மெகாஹெர்ட்ஸ் பட்டையை மட்டும் பயன்படுத்தினால் வரம்பு 75 ஆகப் பாதியாகும்.

1948இல் கிளாட் ஷானன் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு வாய்க்காலின் வழியே எவ்வளவு செய்தியைப் பிழையின்றி அனுப்பலாம் என்பதற்கு விதி கண்டார். பட்டை அகலமும், சைகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள தகவும் சேர்ந்து அந்த எல்லையைத் தீர்மானிக்கின்றன. 20 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஓர் ஓடையை எடுத்துக்கொள்வோம். சைகை இரைச்சலைப்போல் 100 மடங்கு இருந்தால் எல்லை நொடிக்குச் சுமார் 133 மெகாபிட். இரண்டும் சமமாக இருந்தால் 20 மெகாபிட். சைகை இரைச்சலில் பத்தில் ஒரு பங்காகத் தேய்ந்தால் 3 மெகாபிட்டுக்கும் குறைவு. முகட்டுக்குப் பின்னால் நடப்பது இதுவே. எந்தப் பொறியாளரும் இவ்வெல்லையைத் தாண்ட முடியாது. விளம்பரம் எழுதுபவரும் தாண்ட முடியாது.

மேலும், ஒரு கோபுரத்தின் கொள்ளளவு அதன் எல்லைக்குள் இருப்பவர் அனைவருக்கும் பொது. அது நம் ஒருவருக்கே உரிய குழாயன்று, ஊர்ப் பொதுக்குழாய். மாலையில் வேலை முடிந்து எல்லாரும் செல்பேசியை எடுக்கும் வேளையில் ஐம்பது பேர் ஒருசேரக் கேட்டால், முழு 150 மெகாபிட்டும் இருந்தால்கூட ஆளுக்கு 3 மெகாபிட்தான்.

மூன்றாம் வாசகம்: "ஒரே நேரத்தில் 10 பேர்"

பத்துக் கருவிகளை வைஃபை மூலம் இணைக்கலாம் என்பது உண்மை. இணைவது வேறு, பயன் பெறுவது வேறு. நொடிக்கு 1 மெகாபிட் வீதம் ஓடும் ஒரு காணொளிப் பாடத்தை ஒரு மணி நேரம் பார்த்தால் 3,600 மெகாபிட் செலவாகும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே அது 450 மெகாபைட். நாளொன்றுக்கு 1.5 கிகாபைட் தரும் திட்டத்தில் ஒருவர் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் படிக்கலாம். பத்துப் பேர் சேர்ந்தால் இருபது நிமிடத்தில் அன்றைய பங்கு தீர்ந்துவிடும். மெகாபிட்டையும் மெகாபைட்டையும் ஒன்றெனக் கருதி ஏமாறுபவர் பலர். அட்டைப்பெட்டியில் பெரிய எண்ணாக அச்சிடப்படுவது எப்போதும் மெகாபிட்டே என்பதைக் கவனியுங்கள்.

நான்காம் வாசகம்: "நாள் முழுதும் மின்கலம்"

நான் கொண்டுசென்ற கருவியின் மின்கலம் 2300 மில்லி ஆம்பியர் மணி, 3.7 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 8.5 வாட் மணி. கருவி சராசரியாக 1.5 வாட் செலவிட்டால் ஐந்தரை மணி நேரம் ஓடும், 2.5 வாட் செலவிட்டால் மூன்றரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

எப்போது செலவு கூடும்? கோபுரம் அருகில் இருந்தால் கருவி மெல்லப் பேசினாலே போதும். தொலைவில் இருந்தால் உரக்கப் பேச வேண்டும். சைகை அறுந்து அறுந்து வந்தால் மீண்டும் மீண்டும் கோபுரத்தைத் தேட வேண்டும். ஆகவே சமவெளியில் மின்கலம் நீடிக்கும். மலையில் விரைவில் ஓயும். எங்கே இதன் உதவி மிகவும் தேவையோ அங்கேதான் இது விரைவில் களைத்துவிடுகிறது.

அட்டையில் அச்சிடாதவை

ஒரு நூலை மதிப்பிடும்போது அதில் சொல்லாமல் விட்டவற்றையும் சொல்ல வேண்டும் அல்லவா? இக்கருவியின் அட்டையில் இல்லாத செய்திகள் நான்கு.

முதலாவது, திரையில் தெரியும் கோடுகள் கோபுரத்தின் குரல் நம் காதில் எவ்வளவு விழுகிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. நம் குரல் கோபுரத்துக்குக் கேட்கிறதா என்பதை அவை காட்டுவதில்லை. கோபுரம் பத்துக்கணக்கான வாட் ஆற்றலில் ஒலிபரப்பும். கையளவுக் கருவியின் உச்ச ஆற்றலோ ஏறத்தாழ 0.2 வாட்தான். கோடு இருந்தும் செய்தி போகாமல் சுற்றிக்கொண்டிருப்பதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது, எல்லாக் கருவிகளும் எல்லா அதிர்வெண்களையும் கேட்பதில்லை. இந்தியாவில் 700 மெகாஹெர்ட்ஸ் முதல் 2300 மெகாஹெர்ட்ஸ் வரை பல பட்டைகளில் நான்காம் தலைமுறைச் சேவை நடக்கிறது. மூன்று பட்டைகளுக்கு மட்டும் செய்த கருவி மற்றப் பட்டைகளில் பேசும் கோபுரத்தின் அடியில் நின்றாலும் செவிடாகவே இருக்கும். ஒரே நிறுவனத்தின் சிம் அட்டையை மட்டும் ஏற்கும்படி பூட்டிய கருவிகளும் விற்கப்படுகின்றன. மலையில் எந்த நிறுவனத்தின் கோபுரம் எட்டுகிறதோ அந்த நிறுவனத்தின் அட்டையைப் போட முடியாவிட்டால் கருவியால் பயன் என்ன?

மூன்றாவது, எல்லை. போடிமெட்டில் மாநிலம் மாறுகிறது. தொலைத்தொடர்பு வட்டமும் தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு மாறுகிறது. அலைவரிசைகள் வட்டம் வட்டமாக ஏலம் விடப்படுவதால், ஒரே நிறுவனம் எல்லைக்கு இப்பால் ஒரு பட்டையையும் அப்பால் வேறொரு பட்டையையும் நம்பியிருக்கலாம். போடியில் சோதித்து வாங்கிய கருவி பூப்பாறையிலும் அவ்வாறே உழைக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

நான்காவது, கோபுரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது. கோபுரம் தானாக இணையமாகிவிடாது. கண்ணாடி இழை வடத்தாலோ, கோபுரத்துக்குக் கோபுரம் பாயும் நுண்ணலைக் கற்றையாலோ அது வெளியுலகுடன் இணைக்கப்பட வேண்டும். அவ்விணைப்பு அறுந்தால் கருவியில் நான்கு கோடும் தெரியும். இணையம் மட்டும் இராது. "மழை பெய்தால் சிக்னல் போய்விடும்" என்று மலையில் எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையில் 2 கிகாஹெர்ட்ஸ் அளவிலுள்ள செல்பேசி அலையை மழைத்துளிகள் பெரிதும் பாதிப்பதில்லை. நனைந்த இலைகளும், மழையில் தளரும் உயர் அதிர்வெண் நுண்ணலைக் கற்றையும், எல்லாவற்றுக்கும் மேலாக மின்தடையுமே காரணம்.

பெட்டிமுடி சொன்ன பாடம்

மின்தடை என்பது சிறு தொல்லை என்று எண்ணிவிட வேண்டாம். இதே மலைத்தொடரில், மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில், 2020 ஆகஸ்ட் 6 இரவு தேயிலைத் தோட்டத்து லயங்களின்மேல் மலை சரிந்தது. உறங்கிக்கொண்டிருந்த 70 பேர் மாண்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். கயத்தாற்றுப் பகுதியில் வேர் கொண்ட குடும்பங்கள் பல. அந்நேரம் கடும் மழையால் அப்பகுதியில் மின்சாரம் இல்லை. தொலைபேசித் தொடர்பும் இல்லை. இரவில் நடந்த கொடுமை வெளியுலகுக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

அந்த லயங்களில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பயண ரூட்டர் இருந்திருந்தாலும் ஒரு செய்திகூட வெளியே சென்றிருக்க முடியாது. மின்சாரமற்ற கோபுரம் இரும்புக் கம்பமே. கருவியின் மின்கலத்தில் எத்தனை மணி நேரம் எஞ்சியிருக்கிறது என்று பார்க்கும் நாம், கோபுரத்தின் மின்கலத்தில் எத்தனை மணி நேரம் எஞ்சியிருக்கிறது என்று கேட்க மறந்துவிடுகிறோம். மலையில் உயிரைக் காப்பது இரண்டாவது எண்தான்.

நிறைகளும் உண்டு

குறைகளை மட்டும் சொல்லிவிட்டு நிறைகளை மறைப்பது நேர்மையாகாது. கருவியின் உள்ளமைப்பு வியக்கத்தக்கது. மலைப்பகுதியில் அது அளந்தறியும் குறிப்புச் சைகை சில வேளைகளில் ஒரு வாட்டில் நூறு இலட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்குத் தேய்ந்துவிடும். அதையும் இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கிறதே, அது மனித அறிவின் வெற்றியாகும்.

செல்பேசியால் எளிதில் செய்ய முடியாத ஒன்றையும் இக்கருவி செய்கிறது. சைகை இருக்கும் இடத்தில் இதை வைத்துவிட்டு, நாம் வசதியான இடத்தில் இருக்கலாம். தகரக் கூரையும் உலோகச் சுவரும் அலையைத் தடுக்கும். உலோகக் கூண்டுக்குள் வெளியிலுள்ள மின்புலம் நுழையாது என்பதை 1836இல் மைக்கேல் ஃபாரடே செய்து காட்டினார். தோட்டத்து லயத்தில் வீட்டுக்குள் அறவே இல்லாத சைகை, காய் உலர்த்தும் ஸ்டோரின் மாடிச் சன்னலில் மெல்ல எட்டிப் பார்த்தது. கருவியை அச்சன்னலில் வைத்ததும் கீழே முற்றத்தில் அமர்ந்து மாணவர் ஒரு பாடத்தைத் திறந்தார். திக்கித் திணறித்தான் ஓடியது, ஆனாலும் ஓடியது. ஜீப்பிலும் இதைப் பைக்குள் புதைக்காமல் முன்கண்ணாடியின் அருகே வைப்பது நலம். வெளி ஆண்டெனாவைச் செருக இடமுள்ள கருவியாயின் இந்தப் பயன் மேலும் கூடும். செல்பேசியின் மின்கலத்தை மிச்சப்படுத்துவதும், பலருக்கு ஒரே சிம் அட்டை போதும் என்பதும் மற்ற நன்மைகள். வாங்குவோர் கருவியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிட வேண்டும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

வாங்கலாமா?

திரும்பி வரும்போது மாணவருக்கு நான் சொன்ன விடை இது. முதலில் பணத்தைச் செலவிடாதீர்கள். தோட்டத்தில் உள்ளவர்களிடம் வெவ்வேறு நிறுவனங்களின் சிம் அட்டை இருக்கும். ஒரு செல்பேசியில் அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டு, லயத்தைச் சுற்றி, மேட்டிலும் மாடியிலும் நின்று பாருங்கள். எங்கும் எதுவும் கிடைக்காவிட்டால் இந்தக் கருவியும் கிடைக்கச் செய்யாது. வீட்டுக்குள் செல்பேசியிலேயே நன்றாகக் கிடைத்தால் கருவி தேவையில்லை. செல்பேசியே அவ்வேலையைச் செய்யும். வீட்டில் இல்லாமல் அருகில் ஓரிடத்தில் மட்டும் கிடைத்தால், அப்போதுதான் இரண்டாயிரம் ரூபாய்க்குப் பொருள் உண்டு. அப்போதும் அந்த அட்டையையும் அந்தப் பட்டையையும் ஏற்கும் கருவிதானா என்று பார்த்து வாங்குங்கள்.

அதுவரைக்கும் ஒரு வழி உண்டு. சிலமலையில் நல்ல இணைப்பு இருக்கிறது. 64 கிகாபைட் நினைவு அட்டை நிறையப் பாடங்களை அங்கேயே இறக்கி எடுத்துச் செல்லலாம். அந்த அட்டை ஜீப்பில் மூன்று மணி நேரம் பயணம் செய்து தோட்டத்தை அடைவதாகக் கொண்டால், நொடிக்கு 47 மெகாபிட் வேகத்தில் செய்தி சென்றதாகக் கணக்கு வருகிறது! விடியுமுன் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் அந்தப் பழைய ஜீப், புதிய கருவியைக் காட்டிலும் விரைவான இணைப்பாகும். மாணவர் சிரித்துவிட்டார்.

ஆனால் ஜீப்பால் அவசரச் செய்தியைக் கொண்டுபோக முடியாது. காய்ச்சல் கண்ட குழந்தைக்கு மருத்துவரை அழைக்க முடியாது. மலை சரிகிறது என்று கத்த முடியாது. அதற்குக் கோபுரம் வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். இது தனி ஒருவர் கடையில் வாங்கித் தீர்க்கும் குறையன்று. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 விழுக்காட்டை, இணைப்பற்ற இடங்களை இணைப்பதற்கென்றே நம் நாடு ஒதுக்கி வைக்கிறது. 2002இல் தொடங்கிய அந்த நிதிக்கு 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று பெயரிட்டது. சேவை எட்டாத 24,680 கிராமங்களுக்கு நான்காம் தலைமுறை இணைப்புத் தர 26,316 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ஏற்றது. நல்ல செயல்தான். ஆனால் கணக்கு கிராமத்தை அலகாகக் கொண்டது. தோட்டத்து லயம் தனிக் கிராமமன்று. ஒரு கிராமத்தின் ஒரு மூலையில் கோபுரம் எட்டினால், முகட்டுக்குப் பின்னாலுள்ள லயமும் இணைந்துவிட்டதாகப் பட்டியல் கருதிவிடாதா? விளிம்பு விளைவு பட்டியலைப் படிப்பதில்லையே!

"எங்கும் இணையம்" என்பது நல்ல வாசகம். அது அச்சாகியுள்ள இடம்தான் தவறு. அட்டைப்பெட்டியின் மேல் அது விளம்பரம். பொதுநிதியைச் செலவிடுவோரின் மேசைமேல் இருந்தால் அது கடமை. இரண்டாயிரம் ரூபாய்க் கருவியை வாங்குவதா என்று தயங்கும் ஒரு மாணவர், அக்கடமை நிறைவேறாத இடத்தில்தான் நிற்கிறார். கருவியை ஆராய்ந்து வாங்குவோம். கோபுரத்தை உரிமையுடன் கேட்போம்.